வீடு திரும்பும் அத்தியாயம் எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற மிகுபுனைவு நாவல்களையும் அவற்றைத் தழுவி எடுக்கப்பட்ட திரைப்படங்களையும் ஒப்பிட்டுத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்தக் காட்சி இடம் மாறியது, யாருடைய வசனம் யார் வாய்க்குப் போனது என்று கட்டுரையாளர் பொறுமையாகக் கணக்கெடுத்திருந்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆயினும், பெரிய நாவல் ஒன்றை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடக்கும்போது சிலவற்றை விடத்தான் வேண்டியிருக்கும். விடுபட்டவற்றின் எண்ணிக்கையை வைத்து எடைபோட்டால் எந்தப் படமும் தேறாது. மாய உலகத்துக்குப் போனவர்கள் வீடு திரும்பும்போது என்ன நடக்கிறது என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நாவல்களை எழுதியவர்கள் மிகுந்த அக்கறையோடு எழுதிய பகுதி அது. படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வெட்டிவிடுவதும் மாற்றிவிடுவதும் அதே பகுதியைத்தான்.

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தவள் என் மகள். எல். ஃபிராங்க் பாம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி வொண்டர்ஃபுல் விசர்ட் ஆஃப் ஆஸ்’ நாவலை இரவுக்கு ஓர் அத்தியாயமாக அவளுக்கு வாசித்துக்காட்டி வந்தேன். 1939இல் வெளிவந்த திரைப்படத்தை முன்பே பார்த்திருந்ததால், முடிவு தனக்குத் தெரியும் என்ற நிம்மதியோடுதான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கங்களுக்கு வந்தோம். சூறாவளியில் சிக்கி ஆஸ் என்னும் மாய நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த சிறுமி டோரதி, வீடு திரும்புவதற்காகத் தன் மந்திர வெள்ளிக் காலணிகளின் குதிகால்களை மூன்று முறை தட்டுகிறாள். காற்றில் சுழன்று வந்து கேன்சஸ் புல்வெளியில் உருண்டு விழுகிறாள். காலணிகள் வழியிலேயே பாலைவனத்தில் கழன்று விழுந்துவிட்டன. எதிரே, சூறாவளி பழைய வீட்டைத் தூக்கிச் சென்ற பிறகு ஹென்றி மாமா கட்டிய புதிய வீடு நிற்கிறது. மகள் என் கையைப் பிடித்து வாசிப்பை நிறுத்தினாள். புது வீடா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் டோரதி நிஜமாகவே போய்வந்திருக்கிறாள் என்றாள்.

பலமுறை வாசித்தும் நான் கவனிக்காமல் கடந்துபோன சொல் அது. திரைப்படத்தில் டோரதி கட்டிலில் கண்விழிக்கிறாள். பழைய வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கட்டிலைச் சுற்றி நிற்கும் பண்ணையாட்களின் முகங்களே அவள் கனவில் வைக்கோல் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் வந்தன என்று புரிகிறது. போய்வந்த இடத்தைப் பற்றி அவள் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் கனிவாகச் சிரிக்கிறார்கள். நாவலின் கடைசி அத்தியாயமோ ஒரு பக்கம்கூட நிறையாது. முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்த எம் அத்தை ஓடிவரும் குழந்தையை அள்ளி முத்தமிட்டு எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறாள், ஆஸ் நாட்டிலிருந்து என்று டோரதி பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். அத்தை அதை நம்பினாளா என்று பாம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, புதிய வீடு அங்கே நின்றுகொண்டிருக்கிறது. 1910இல் வந்த ‘தி எமரால்ட் சிட்டி ஆஃப் ஆஸ்’ நாவலில், அந்த வீட்டைக் கட்ட வாங்கிய கடனை அடைக்க முடியாமல் ஹென்றி மாமா தவிக்கிறார். அதன் விளைவாகக் குடும்பமே ஆஸ் நாட்டுக்குக் குடிபெயர்கிறது. சூறாவளி பெயர்த்த வீட்டுக்குக் கடன் உண்டு. கனவில் பறந்த வீட்டுக்குக் கடன் கிடையாது.

அந்தப் படத்தைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. வெயிலில் வெந்து சாம்பல் நிறமான மண், சாயம் உதிர்ந்து சாம்பல் நிறமான வீடு, தாடி முதல் காலணிவரை சாம்பல் நிறமான ஹென்றி மாமா என்று நாவலின் முதல் பக்கங்களில் அந்த ஒரே நிறம் திரும்பத் திரும்ப வருகிறது. படம் கேன்சஸைப் பழுப்பு நிறத்தில் காட்டிவிட்டு, டோரதி கதவைத் திறக்கும் கணத்தில் வண்ணத்தைக் கொட்டுகிறது. எழுத்தாளர் சொல்லால் செய்ததைத் திரை ஒளியால் செய்த இடம் அது. வெள்ளிக் காலணிகள் வண்ணத் திரைக்காகச் சிவப்பு மாணிக்கக் காலணிகள் ஆனதிலும் எனக்கு வருத்தமில்லை. பயணத்தின் தொடக்கத்தை அத்தனை நுட்பமாகப் புரிந்துகொண்டவர்கள் திரும்பி வருவதை மட்டும் கனவாக்கிவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இதே கேள்வியோடு ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பக்கம் போனால் விஷயம் இன்னும் ஆழமாகிறது. 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த இந்த நாவலை டோல்கீன் 6 நூல்களாகப் பகுத்திருக்கிறார். கடைசி நூலில் 9 அத்தியாயங்கள். எதிரியின் வலிமை அடங்கிய, ஃப்ரோடோ சுமந்து சென்ற மந்திர மோதிரம் எரிமலைத் தீயில் விழுவது மூன்றாம் அத்தியாயத்தில். எதிரி ஒழிந்து, உலகம் பிழைத்து, சுபம் போட்டுவிடலாம் என்று யாரும் நினைக்கக்கூடிய இடத்துக்குப் பிறகும் அவர் 6 அத்தியாயங்கள் எழுதுகிறார். அவற்றுள் எட்டாவது அத்தியாயத்தில் ஃப்ரோடோ, சாம், பிப்பின், மெரி என்னும் நான்கு ஹாபிட்டுகளும் (சிற்றுருவம் கொண்ட நாட்டுப்புற மக்கள்) தங்கள் ஊராகிய ஷயருக்குத் திரும்புகிறார்கள். ஆற்றுப் பாலத்தில் முன்பு இல்லாத முள்கதவு அவர்களை மறிக்கிறது. காவல்கூடத்தின் சுவர்தோறும் விதிமுறைப் பட்டியல் தொங்குகிறது. பிப்பின் அவற்றைக் கிழித்தெறிகிறான். மரங்கள் காரணமின்றி வெட்டிச் சாய்க்கப்பட்டிருக்கின்றன. பழைய மாவு ஆலை இருந்த இடத்தில் நீரைக் கெடுக்கும் பெரிய ஆலை எழுந்திருக்கிறது. கதையின் தொடக்கத்தில் பிறந்தநாள் விருந்து எந்த மரத்தடியில் நடந்ததோ அந்த மரமும் வெட்டப்பட்டுக் கிடக்கிறது. எதிரியின் நாட்டை நடந்தே கடந்தபோதும் மனம் தளராத சாம், அதைக் கண்டதும் அழுதுவிடுகிறான். எதிரியின் நாடான மோர்டோரைவிட இது கொடுமை, ஏனென்றால் இது நம் வீடு, கெடுவதற்கு முன் இருந்த நிலை நமக்கு நினைவிருக்கிறது என்ற பொருள்பட அவன் பேசுகிறான். இதுவும் மோர்டோர்தான், அதன் வேலைகளில் ஒன்று என்கிறான் ஃப்ரோடோ.

பிறகு நடக்கும் சிறு போரில் 19 ஹாபிட்டுகள் இறக்கிறார்கள். ஃப்ரோடோ அதில் வாளை உருவவே இல்லை. சரணடைந்தவர்களைத் தன் ஆட்கள் கொன்றுவிடாமல் தடுப்பதே அவன் வேலையாக இருக்கிறது. இத்தனைக்கும் காரணமான மந்திரவாதி சாருமான் தன்னைக் கத்தியால் குத்த முயன்று தோற்ற பிறகும், அவனைக் கொல்லக் கூடாது என்று ஃப்ரோடோ தடுக்கிறான். அந்தக் கருணையைத்தான் சாருமானால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மோதிரத்தைச் சுமந்த பயணம் ஃப்ரோடோவை என்னவாக ஆக்கியது என்பதை, எரிமலைக் காட்சியைவிட இந்த வாசற்படிக் காட்சி எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது. பின்னர் சாம், எல்ஃப் அரசி தனக்குத் தந்த மண்ணை வெட்டப்பட்ட மரங்களின் இடத்தில் நட்ட கன்றுகளின் வேரில் ஒவ்வொரு துகளாக இட்டுக்கொண்டே ஊர் முழுக்க நடக்கிறான். போரைப் பற்றிய நாவல் ஒன்றில் மரக்கன்று நடுவதற்கு இத்தனை இடம் கிடைத்திருப்பதை எண்ணி நான் ஒவ்வொரு முறையும் நெகிழ்கிறேன். டோல்கீன் முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் இருந்தவர். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்தவர். தாம் சிறுவயதில் வாழ்ந்த நாட்டுப்புறம், தமக்குப் பத்து வயது ஆவதற்குள்ளாகவே அலங்கோலமாக அழிக்கப்பட்டு வந்ததை இந்த அத்தியாயத்தின் பின்னணியாக அவரே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

பீட்டர் ஜாக்சன் இயக்கி 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று படங்களில் இந்த அத்தியாயம் இல்லை. மூன்றாம் படம் 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதற்கு முடிவுகள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்ற புகாரும் எழுந்தது. அத்தனை முடிவுகளிலும் இந்த ஒன்றுக்கு இடமில்லாமல் போயிற்று. படத்தில் ஷயர் விட்டுச் சென்றபடியே பசுமையாக இருக்கிறது. நால்வரும் மதுக்கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் யாரோ கொண்டுவந்த பெரிய பூசணிக்காயை வியந்துகொண்டிருக்க, இவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசாமல் கோப்பைகளை உயர்த்துகிறார்கள். இது மிக நல்ல காட்சி. ஊர் மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம் என்பதை ஒரு சொல்லும் இன்றிச் சொல்லிவிடுகிறது. ஆனால் டோல்கீன் சொன்னது வேறு: ஊரும் மாறிவிட்டது, வெளியே கற்றதைக் கொண்டு அதை மீட்கும் பொறுப்பு உங்களுடையது. ஷயர் எரிவதையும் ஹாபிட்டுகள் அடிமைகளாவதையும் முதல் படத்தில் மாயக் கண்ணாடி நீரில் ஃப்ரோடோ பார்க்கிறான். அந்த எச்சரிக்கை மூன்றாம் படத்தில் எங்கும் வந்து சேரவே இல்லை.

மிகாயேல் எண்டே 1979இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘தி நெவர்எண்டிங் ஸ்டோரி’ நாவலுக்கு நேர்ந்தது இன்னும் துயரமானது. 1984இல் வெளிவந்த திரைப்படம் நாவலின் ஏறக்குறைய முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. நூலை வாசித்துக்கொண்டிருந்த சிறுவன் பாஸ்டியன், மாய உலகத்தைக் காப்பாற்றிய மகிழ்ச்சியில் டிராகன் மீதேறித் தன் ஊருக்கே வந்து, தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் துரத்துகிறான். நாவலின் இரண்டாம் பாதியிலோ பாஸ்டியனின் ஒவ்வொரு விருப்பமும் நிறைவேற நிறைவேற அவனுடைய ஒரு நினைவு அழிகிறது. இறுதியில் தன் பெயரையும் மறக்கிறான். மறந்துபோன கனவுகள் புதைந்திருக்கும் சுரங்கத்தில் இருட்டில் நெடுநாள் தோண்டி, ஒரு சித்திரத்தைக் கண்டெடுக்கிறான். வெள்ளை மேலங்கி அணிந்து, கையில் பல் அச்சு ஒன்றைப் பிடித்தபடி நிற்கும் ஒரு மனிதரின் சித்திரம் அது. பற்கள் செய்யும் தொழிலாளியான தன் தந்தைதான் அவர் என்பதுகூட அவனுக்கு அப்போது தெரியவில்லை. ஆனால் அந்த முகத்தின் மீது ஏக்கம் பிறக்கிறது. அந்த ஏக்கத்தைப் பற்றிக்கொண்டுதான் அவன் வீடு வந்து சேர்கிறான். தாய் இறந்தபின் பேச்சற்றுப் போயிருந்த தந்தையின் கண்களில் கண்ணீரைக் காண்கிறான். எண்டே தம் பெயரைப் படத்திலிருந்து நீக்கும்படி கோரினார், வழக்கும் தொடுத்தார், தோற்றார். இரண்டாம் பாதியிலிருந்து சில கூறுகளை எடுத்துக்கொண்டு 1990இல் வேறொரு படம் வந்தது. அதற்குள் முதல் படத்தின் சிரிப்பே அந்தக் கதையின் முடிவாகப் பலர் மனத்தில் பதிந்துவிட்டது.

ஜே. எம். பாரியின் 1911ஆம் ஆண்டு நாவலில் வளரவே மறுக்கும் சிறுவன் பீட்டர் பேன் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து பார்க்கும்போது, முன்பு அவனோடு மாய உலகத்துக்குப் போய்வந்த சிறுமி வெண்டி வளர்ந்து ஒரு குழந்தைக்குத் தாயாகியிருக்கிறாள். 1953இல் வந்த டிஸ்னி படம் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. அந்த அத்தியாயத்தின் வலி அதில் இல்லை.

இதெல்லாம் திரையில் முடியாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. டோல்கீனின் 1937ஆம் ஆண்டுச் சிறு நாவலான ‘தி ஹாபிட்’, 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக நீட்டப்பட்டபோது நானும் சலித்துக்கொண்டேன். ஆனால் கதை நாயகனான பில்போ என்னும் ஹாபிட் வீடு திரும்பும்போது, அவன் இறந்துவிட்டதாக எண்ணி அவனுடைய பொருள்களை ஊரார் ஏலம் விட்டுக்கொண்டிருக்கும் காட்சி கடைசிப் படத்தில் இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவனை ஊர் எப்படிக் கணக்கில் எழுதிவிடுகிறது என்பதை அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடுகின்றன.

எனவே தங்கள் இதழில் இத்தகைய ஒப்பீடுகள் தொடருமானால், போர்க்களத்தையும் டிராகனையும் திரை எவ்வளவு பிரமாதமாகக் காட்டியது என்பதோடு, கடைசி அத்தியாயங்களை எடுத்து வைத்துக்கொண்டு படத்தின் கடைசி இருபது நிமிடங்களையும் பார்க்கும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாவலை வாசிக்காமல் படத்தை மட்டும் பார்த்த இளையவர்களுக்கு, தாங்கள் பார்க்காத முடிவு ஒன்று இருக்கிறது என்ற செய்தியாவது அதன்மூலம் போய்ச்சேரும். என் மகள் இப்போது எண்டேயின் நாவலில் இரண்டாம் பாதிக்கு வந்திருக்கிறாள். படத்தை அவளுக்கு நான் இன்னும் காட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்