அப்பாவுக்கு, மருந்துச் செலவு பற்றி

மெல்பர்ன், ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் மருந்தெல்லாம் யானை விலை குதிரை விலை என்கிறார்களே, ஆஸ்துமாவை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நிரந்தர வசிப்புரிமை கிடைத்து, இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை கைக்கு வந்தபின் எனக்கு அந்தக் கவலை இல்லை. மருத்துவர் எழுதித் தரும் மருந்து அரசின் மானியப் பட்டியலில் இருந்தால், அதன் உண்மை விலை எவ்வளவாக இருந்தாலும், 2026 ஜனவரி முதல் ஒரு சீட்டுக்கு நான் கொடுக்க வேண்டியது அதிகபட்சம் 25 டாலர். சலுகை அட்டை வைத்திருக்கும் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் 7 டாலர் 70 செண்ட். மீதியை மத்திய அரசு மருந்துக்கடைக்குக் கொடுத்துவிடுகிறது. விலை கூடிய பிராண்டுதான் வேண்டும் என்று நாமே அடம்பிடித்தால் வேறு கணக்கு.

இந்த மானியம் எளிதில் வந்துவிடவில்லை. 1944இல் இதற்கென இயற்றிய சட்டத்தை, மத்திய அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று இங்குள்ள உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் 1945இல் செல்லாததாக்கியது. டாக்டர்கள் சங்கமும் கடுமையாக எதிர்த்தது. அடுத்த ஆண்டே அரசு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பைத் திருத்தியது. இந்த நாட்டில் இதுவரை வாக்கெடுப்புக்கு வந்த 45 திருத்தங்களில் 8 மட்டுமே தேறியிருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால், மக்கள் இதை எவ்வளவு விரும்பினார்கள் என்பது விளங்கும். 1948இல் தொடங்கிய திட்டத்தில் முதலில் எல்லாம் இலவசம். 1960இல்தான் சீட்டுக்கு 5 ஷில்லிங் வாங்கத் தொடங்கினார்கள்.

எனக்கு வியப்பளிப்பது பட்டியல் தயாராகும் விதம். மருத்துவர்களும் பொருளாதார அறிஞர்களும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் அடங்கிய ஒரு குழு பரிந்துரைக்காமல், அமைச்சரே விரும்பினாலும் புதிய மருந்து எதையும் அதில் சேர்க்க முடியாது. இருக்கும் சிகிச்சையைவிட இது எவ்வளவு கூடுதல் பயன் தருகிறது, கேட்கும் விலைக்கு அது தகுமா என்று கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும்; 1993 முதல் இது கட்டாயம். நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் பேரம் நடப்பதால் கம்பெனிகளும் இறங்கி வருகின்றன. நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்கிறதல்லவா, ஏறக்குறைய அந்த உத்திதான். ஆனால் இங்கே அதன் பலன் தெருமுனை மருந்துக்கடை வரை வந்துவிடுகிறது. முதுகுத்தண்டுத் தசைநார் நலிவு நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கான ஜோல்ஜென்ஸ்மா என்ற மருந்தின் விலை 25 லட்சம் டாலருக்கு மேல். 2022இல் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வேளை, குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கும் மருந்துகளை நம்பியிருப்பவர்கள் முழு விலையையும் பெரும்பாலும் தாங்களே சுமக்கிறார்கள். அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

மெடிகேர் அட்டை இல்லாத இந்திய மாணவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கும் இந்த மானியம் கிடையாது. பிரிட்டன், நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு பரஸ்பர ஒப்பந்தம் உண்டு, இந்தியாவோடு இல்லை. ஆகவே நீங்களும் அம்மாவும் வரும்போது சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உரியதுவரை கொண்டுவரலாம். மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல், டாக்டரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். விமானத்தில் தரும் படிவத்தில் மருந்து இருப்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்