தடுமாறும் ஆட்டக்காரரும் அவரது நிறமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்து என்எஃப்எல் எனப்படும் அமெரிக்கக் காற்பந்து லீக்கின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வேலைக்கு வரும் தமிழ் இளையர்கள் சிங்கப்பூரில் ஆங்காங்கே உண்டு. என் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். தோற்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்துபவர், வெள்ளையர் என்றால் "பயிற்றுநர் சரியில்லை" என்கிறார்கள். கறுப்பினத்தவர் என்றால் "ஓடத்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது" என்கிறார்கள். இவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். அங்குள்ள விமர்சகர்களும் ரசிகர்களும் பல்லாண்டுகளாகச் சொல்லி வருவதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

பந்து கைக்கு வந்த ஏறத்தாழ மூன்று விநாடிகளுக்குள் அதை யாருக்கு எறிவது என்று குவார்ட்டர்பேக் முடிவெடுக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் அதுவரை எதிரணியைத் தாக்குப்பிடிக்காவிட்டால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 2021 செப்டம்பரில் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் சிகாகோ பேர்ஸ் அணிக்கு முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியபோது, கிளீவ்லேண்ட் அணியினர் அவர் பந்தை எறியுமுன்பே அவரை 9 முறை தரையில் வீழ்த்தினர். அன்று அவரது அணி பந்தை எறிந்து முன்னேறிய நிகரத் தொலைவு ஒரே ஒரு யார்டு. மறு பருவத்தில் அவர் 55 முறை வீழ்த்தப்பட்டார். பந்தைத் தேவைக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று குறை சொன்னால் அது நியாயமான விமர்சனம்தான். ஆனால், அவர் லீக்கில் சேருமுன்பே, உழைப்பில் அக்கறை இல்லாதவர் என்று பெயர் சொல்லாதவர்களின் பேச்சு ஊடகத்தில் உலவியதே, அதற்கு என்ன ஆதாரம் இருந்தது?

இது பழைய கதை. கறுப்பினத்தவரான வாரன் மூனை 1978ல் குவார்ட்டர்பேக்காக எடுக்க என்எஃப்எல் அணிகள் ஆர்வம் காட்டாததால் அவர் கனடாவுக்குப் போய் அங்குள்ள லீக்கில் தொடர்ந்து ஐந்து முறை கிண்ணம் வென்றார். 2003ல் டானவன் மெக்நாப் பருவத் தொடக்கத்தில் தடுமாறியபோது, கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஒருவர் சிறக்க வேண்டும் என ஊடகங்கள் விரும்புவதால்தான் அவருக்கு இத்தனை புகழ் என்று வானொலிப் பேச்சாளரும் விளையாட்டு விமர்சகருமான ரஷ் லிம்பா தொலைக்காட்சியிலேயே சொல்லி, சில நாள்களில் அந்த விமர்சகர் பதவியிலிருந்து விலகினார். அதற்கு முந்திய இரு பருவங்களிலும் தம் அணியை இறுதிச் சுற்றின் வாசல்வரை கொண்டு சென்றவர் மெக்நாப்! இன்னொரு கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான லமார் ஜாக்சனை 2018ல் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறச் சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே 50 வாக்குகளையும் பெற்று லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரரானார்.

வெள்ளை ஆட்டக்காரர்களும் வசை வாங்குகிறார்கள் என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். 1998ல் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்வு செய்தபோது இரண்டாவதாகத் தேர்வான வெள்ளைக் குவார்ட்டர்பேக் ரையன் லீஃப் படுதோல்வி கண்டு கடுமையாக ஏசப்பட்டார். ஆயினும், வெள்ளையருக்கு இந்த ஆட்டம் வருமா என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அவருடைய தோல்வி அவரோடு நின்றது. நம் பிள்ளை திடலில் ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு "இந்தியர்களே இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படிக் கொதிக்கும்!

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் விளையாட்டுச் செய்திகளைத் தமிழில் தரும்போது, "சோம்பல்", "இயற்கையான உடல்வலிமை" போன்ற தீர்ப்புகளை அப்படியே எடுத்துப் போடாமல், அந்த ஆட்டக்காரர் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார், எத்தனை பந்துகளை எதிரணியிடம் இழந்தார், அவருக்குப் பயிற்றுநர்கள் எத்தனை பேர் மாறினார்கள் என்பதைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்மீது இனவசை வீசப்பட்டிருந்தால் அதையும் விடாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்