ஆலோசகரோடு அப்பா அம்மாவும் வரட்டும்

ஆசிரியருக்கு,

பள்ளிகளில் மனநல ஆலோசகர் வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் சரிதான். ஆனால் கோபத்தையும் ஏமாற்றத்தையும் எப்படிக் கையாள்வது என்று பிள்ளை முதலில் பார்த்துப் பழகுவது வீட்டில்தான், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் பகுதியில் கொலுசுப் பட்டறை பல வீடுகளில் வீட்டோடு சேர்ந்தே இருக்கிறது, அப்பா அம்மா நாள் முழுக்கக் கண்ணெதிரே, அப்படியும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் தன்னைக் கேலி செய்வதை முதலில் சொன்னது டியூஷன் எடுக்கும் என்னிடம். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றால், "திட்டுவாங்க" என்றான்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் அந்தக் குழுக் கூட்டத்தில், பிள்ளையின் கோபத்தையும் ஏமாற்றத்தையும் வீட்டில் எப்படிக் கையாள்வது என்பதையும் அரை மணி நேரம் பேசலாம். பட்டறை வேலை முடியும் நேரத்தில் வைத்தால் அப்பாக்களும் வருவார்கள்.

- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்