ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பல் பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு வேளை துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. தப்பில்லை, அது வேண்டியதுதான். ஆனால் ஒழுங்காகத் துலக்குகிற பிள்ளைக்கும் கடைவாய்ப் பல் சொத்தையாகிறதே, அது ஏன்? அதைத் தடுக்க, பல்லின் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற மெல்லிய பிசின் பூச்சு இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பல்லின் மெல்லும் பக்கத்தைப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்துக்கு அடியில் ஓடும் இடுக்குகளில் பல, பிரஷ்ஷின் ஒரு நாரைவிடக் குறுகலானவை. எவ்வளவு பொறுமையாகத் தேய்த்தாலும் நார் உள்ளே இறங்காது, ஆனால் சர்க்கரையும் கிருமியும் இறங்கிவிடும், அங்கேயே அமிலம் ஊறி, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலை அரிக்கும். ஃபுளோரைடு பற்பசை பல்லின் வழவழப்பான பக்கங்களை நன்றாகக் காக்கிறது, இந்த இடுக்குகளில் அதன் பலன் குறைவு. அதனால்தான் பிள்ளைகளின் நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் பத்தில் ஒன்பது பங்கு மெல்லும் பரப்பிலேயே வருகிறது. இதற்குப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

இதில் பெற்றோர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பால் பல்லும் விழாமல், இருக்கிற பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. முன்பல் விழுந்ததை வீடே கொண்டாடும், இது வந்ததே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பால் பல்தானே, விழுந்து புதுசு முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். விழாது. ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது. அடுத்த கடைவாய்ப் பல் 12 வயதுவாக்கில் வரும்.

இந்தப் பற்கள் முழுதாக வெளியே வந்ததும், சொத்தை பிடிக்கும் முன்பே சீலன்ட் போட்டுவிட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊசி இல்லை, டிரில் வேண்டியதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, உலர வைத்து, பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் தடவிக் கழுவுவார்கள். எனாமல் சுண்ணாம்பு போல வெளுத்துச் சொரசொரப்பாகும், அதன்மேல் திரவப் பிசினை ஓடவிட்டு நீல ஒளி காட்டினால் இறுகிக்கொள்ளும். அமிலம் தடவினால் பிசின் எனாமலில் நன்றாகப் பிடிக்கும் என்று மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் எழுதியது 1955இல், ஆக இது நேற்று வந்த சோதனை முயற்சி அல்ல. உலர வைத்ததிலிருந்து பிசின் இறுகும்வரை மட்டும் எச்சில் படவே கூடாது, பட்டால் சீக்கிரம் பெயர்ந்துவிடும். பல் பாதிதான் வந்திருக்கிறது, எச்சிலைத் தடுக்க முடியவில்லை என்றால் கிளாஸ் அயனோமர் என்ற வேறு பொருளைத் தற்காலிகமாகப் போடுவதும் உண்டு.

கிருமியை உள்ளே வைத்து மூடினால் இன்னும் கெடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குழி விழாத ஆரம்பக் கட்டச் சொத்தையில், மேலே நன்றாக மூடிவிட்டால் கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காமல் அது அப்படியே நின்றுவிடும் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. குழி விழுந்துவிட்டால் கதை வேறு, மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிளாஸ்டிக், பிசின் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் பற்றிய பயமும் நியாயமான கேள்விதான். சில சீலன்ட்களிலிருந்து போட்ட உடனே மிகச் சிறிய அளவு வெளிப்படலாம், மேற்பரப்பைத் துடைத்து வாயைக் கொப்பளித்தால் அதுவும் குறையும்.

சரி, எவ்வளவு காக்கும்? முதல் 2 ஆண்டுகளில் கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தடுக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அப்புறம் தேயலாம், ஓரம் பெயரலாம், பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கச் சொல்லி, தேவைப்பட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இரண்டு பற்களுக்கு நடுவில் வரும் சொத்தையை இது தடுக்காது, எனவே துலக்குவதை விட்டுவிட முடியாது.

வலி வந்த பிறகு ஃபில்லிங், வேர் சிகிச்சை என்று அலைவதற்கு முன்பு இப்படி ஒரு வழி இருப்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். உங்கள் நலவாழ்வுப் பகுதியில் பல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் செய்யுங்கள். பள்ளிகளில் கண் பரிசோதனை நடத்துகிறவர்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளின் வாயையும் திறந்து பார்க்கச் சொல்லி அதில் வலியுறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்