வீட்டுக்கு வீடு; அக்கம்பக்கத்துக்கு?

ஆசிரியருக்கு,

பழைய குடியிருப்பை இடித்துப் புதுப்பிக்கும்போது வீட்டுக்கு வீடு கொடுத்தால் சரி என்று நினைக்கிறார்கள். அக்கம்பக்கத்தை யார் கொடுப்பது? பல மொழிக்காரர்கள் பழகியதெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பேசியும், அவசரத்துக்குக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போயும்தான். லிஃப்ட் கதவு மூடியதும் அந்தப் பழக்கம் போச்சு.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்டில் இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் எனப் பலரும் கலந்து வாழ்ந்தனர். 1950களின் இறுதியில் அதைச் ‘சேரி’ என்று இடித்துவிட்டு, வசதியானவர்களுக்கு அடுக்குமாடி கட்டினார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் துக்க வீட்டார்போல வருந்தியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மறுகுடியேற்றத்துக்குக் குலுக்கல் வேண்டாம். சேர்ந்திருந்தவர்களை ஒரே தளத்தில் குடியமர்த்துங்கள். தரைத்தளம் முழுவதையும் வண்டிகளுக்கே கொடுத்துவிடாமல், மனிதர்கள் உட்காரவும் கொஞ்சம் இடம் விடுங்கள்.