ரேங்க்கைப் பிடித்துத் தொங்காதே

மதுரை, தல்லாகுளம்

அன்புள்ள செல்வம்,

மேலூர் வியாபாரிகள் கூட்டத்தில் ‘இந்தியா 142-லிருந்து 63-க்கு ஏறிவிட்டது’ என்று யாரோ பேசியதாக எழுதியிருந்தாய். எண் சரிதான். தொழில் நடத்துவது எந்த நாட்டில் எவ்வளவு எளிது என்று ரேங்க் போட்ட உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கையில் 2015 பதிப்பில் 142, 2020 பதிப்பில் 63. ஆனால் மேலூர் கடைக்காரர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இந்தியாவுக்காகத் தகவல் எடுத்தது டெல்லி, மும்பை இரண்டு ஊரில் மட்டும். பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், ஆடிட்டர்கள். கேள்வியும் ஒரு கற்பனைக் கம்பெனியைப் பற்றியது. மாட்டுத்தாவணி கமிஷன் கடையில் மல்லிகை விலை கேட்டுவிட்டு, பூக்கட்டுகிற அம்மாவின் வருமானத்தைச் சொல்வது போலத்தான்.

அந்த அறிக்கையே இப்போது இல்லை. 2018 பதிப்பில் சீனா 85-ஆக வந்திருக்க வேண்டும், 78 என்று அச்சானது. 2020 பதிப்பில் சவுதி, அமீரகம், அஜர்பைஜான் தரவுகளிலும் முறைகேடு தெரிந்தது. 2021 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஏறினால் பெருமை, இறங்கினால் அவமானம் என்று அரசுகள் பார்க்கத் தொடங்கினால், எண்ணைத் திருத்தச் சொல்லி நெருக்கடி வராமல் இருக்காது.

அதே உலக வங்கி 1996-லிருந்து எடுக்கும் ஆளுகைக் குறியீடுகள் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். அரசின் செயல்திறன், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு என மொத்தம் ஆறு. பிடிக்கக் காரணம், மதிப்பெண்ணோடு பிழை அளவையும் போடுகிறார்கள். நெடுங்காலம் அந்த மதிப்பெண் ஏறக்குறைய -2.5-க்கும் +2.5-க்கும் நடுவில்தான் இருந்தது. ஒரு நாட்டுக்கு 0.40, இன்னொன்றுக்கு 0.55, பிழை 0.20 என்று வை. 90 சதவீத நம்பகத்துக்கு அந்தப் பிழையைப் போல் சுமார் 1.64 மடங்கை, அதாவது 0.33-ஐ, இருபுறமும் விட வேண்டும்; அப்படிப் பார்த்தால் முதலாவது 0.07 முதல் 0.73 வரை எங்கும் இருக்கலாம்; இரண்டாவது 0.22 முதல் 0.88 வரை. ரேங்க்கில் இரண்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நாடுகள் நிற்கலாம், ஆனால் யார் மேல் என்று சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல்: உலகச் சராசரியை ஒவ்வொரு வருடமும் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். எல்லா நாடும் சேர்ந்து முன்னேறினாலும் உன் மதிப்பெண் அசையாது.

சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள ஐ.எம்.டி. என்ற மேலாண்மைக் கல்லூரி 1989-லிருந்து போடும் போட்டித்திறன் பட்டியல் வேறு ரகம். அரசின் திறன் அதில் நான்கில் ஒரு பங்கு. கணக்குப் புள்ளிவிவரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, நிர்வாகிகளின் அபிப்பிராயத்துக்கு மூன்றில் ஒன்று. அபிப்பிராயம் தேர்தல் வருடத்தில் ஒரு மாதிரி, மற்ற வருடத்தில் வேறு மாதிரி. அதைத் தனியாகப் பிரித்துப் பார்.

உங்கள் சங்கம் தாலுகா ஆபீஸ் வேகத்தை அளக்கப்போகிறது என்கிறாய் அல்லவா, அதற்கு வருகிறேன். பட்டா மாறுதலை மட்டும் எடு. உட்பிரிவு (ஒரே நிலத்தைப் பிரிப்பது) உள்ளது, இல்லாதது இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதே. உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாள் கூடத்தான் செய்யும். சராசரி வேண்டாம். ஒன்பது மனு 8, 9, 10, 11, 12, 14, 15, 20, 180 நாளில் முடிந்தது என்று வை. சராசரி 31 வரும். ஒன்பதில் எட்டுப் பேர் 20 நாளுக்குள் முடித்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் 12-ஐச் சொல், 180-ஐத் தனியாகச் சொல்.

இன்னும் முடியாத மனுக்களை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. முடிந்ததை மட்டும் எண்ணினால் ஆபீஸ் பறப்பது போலத் தெரியும். ஒரு மாதத்தில் போட்ட மனு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நான்கு மாதம் கழித்துப் பார். முடியாததைப் பட்டியலின் கடைசியில் வை. பாதிக்கும் குறைவாக நிலுவை இருந்தால், அவை பிறகு எத்தனை நாளில் முடிந்தாலும் நடு எண் மாறாது. தள்ளுபடியாகிப் புது எண்ணில் மறுபடி போட்டால், பழைய எண்ணையும் அதே வரியில் எழுது. இல்லையென்றால் நாள் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடும்.

சங்கத்துக்குப் புகார் கொண்டுவருபவர்களிடம் மட்டும் கேட்காதே, அவர்கள் எல்லோருமே தாமதத்தில் மாட்டியவர்கள். இ-சேவை மையத்து வாசலில் நின்று ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள் என்று வரிசையாகப் பிடி. சித்திரைத் திருவிழா மாதத்தில் வேண்டாம், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆபீஸும் ஓடாது, மக்களும் வரமாட்டார்கள்.

முதல் நாற்பது மனுவின் விவரம் சேர்ந்ததும் அனுப்பு. தேதிகள் மனு ரசீதில் இருப்பதா, வாய்வார்த்தையா என்று ஓரத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
ராஜாராம்