‘ஃபிக்ஸ்’ என்று மட்டும் எழுதாதே

கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நாலு நாளாக விடாத மழை. நேற்று ராத்திரி போன கரண்ட் இன்னும் வரவில்லை, உன் பழைய லேப்டாப்பிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். நீ ஆரம்பித்து வைத்த கம்ப்யூட்டர் ப்ரோக்ராமிங்கை "எதுவரைக்கும் படிச்சிருக்கம்மா?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் அப்பா சிரித்துக்கொண்டு நின்றதால் மழுப்பிவிட்டேன்.

முதலில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். நம் ஊர் விவசாயிகள் 14 பேருடைய தேயிலைக் கணக்குக்கு பைத்தான் மொழியில் ப்ரோக்ராம் எழுத ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ‘பழசு’ என்று தொடங்கும் ஃபைல்களை மட்டும் அழிக்கலாம் என்று கட்டளை அடிக்கிற டெர்மினலில், அழிப்பதற்கான ஆர்எம் அடித்தேன். பேருக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவில் கை தவறி ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ஒட்டி அடித்தால் ‘பழசு என்று தொடங்குவது எல்லாம்’ என்று அர்த்தம். இடைவெளி விட்டால் ‘பழசு என்ற ஒன்று, அப்புறம் இங்கே இருக்கிற எல்லாமே’. பழசு என்று ஒன்றும் இல்லையே என்று ஒரு வரி முனகிவிட்டு, மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது. ஃபைல் பட்டியலைக் காட்டும் எல்எஸ் அடித்துப் பார்த்தால் ஒரு ஃபைல்கூட இல்லை. குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை. ஆர்எம் போட்டது அந்தத் தொட்டி வழியாகப் போவதே இல்லையாம். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அப்பாவுக்குக் காரணம் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தபோதுதான் நீ தலைபாடாக அடித்துக்கொண்ட கிட்டைப் போட்டேன், ஃபைல்களில் செய்கிற மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கிற அந்தக் கருவியை. கொஞ்சம் எழுதி ஒரு கமிட் செய்துவிட்டு, அதாவது அந்த நிலையை கிட்டில் பதிந்துவிட்டு, வேண்டுமென்றே அதே தப்பை அதே இடைவெளியோடு அடித்தேன். எல்லாம் போயிற்று. ஆனால் புள்ளியில் தொடங்கும் பேர்களை அந்த நட்சத்திரக் குறி தொடாது. கிட் தன் கணக்கை வைத்திருப்பது அப்படி ஒரு ஃபோல்டரில். ‘கிட் ரெஸ்டோர்’ அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு புள்ளி. அத்தனையும் திரும்ப வந்து நின்றது. அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் அதை மூன்று தடவை அழித்து அழித்துப் பார்த்தேன்.

கிட் எனக்குப் புதுசாகவே தெரியவில்லை, தம்பி. ஃபேக்டரியில் 31 வருஷம் இலைக் கணக்கு எழுதினவள் நான். லெட்ஜரில் சுரண்டக் கூடாது, ஒட்டக் கூடாது. தப்பானால் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு, அடியில் இருக்கும் எண் படிக்கிற மாதிரி. மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து, காரணம். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஆடிட்டுக்கு முந்தின வாரம் லெட்ஜரில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. யார் கிழித்தது என்று இன்றைக்கும் தெரியாது. பீரோ சாவி என்னிடம் இருந்ததால் விளக்கம் எழுதிக் கொடுத்தது நான். ஒரு இன்க்ரிமென்ட்டும் நின்றது. கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்தில் ஒரு எண் வருகிறதே, அது அந்தக் கமிட்டில் இருப்பது, எழுதினவர் பேர், நேரம், காரணம், அதற்கு முந்தின கமிட்டின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. நடுவில் ஒரு பக்கத்தைத் தொட்டால் அங்கிருந்து கடைசிவரை எல்லா எண்ணும் மாறிவிடும். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த வேறொரு கருவியை இனி இலவசமாகத் தர மாட்டோம் என்று அதன் கம்பெனி சொல்லப்போய்த்தான், லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத உட்கார்ந்தாராம். 2005 ஏப்ரல். நம் மலை ரயிலுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததும் அதே வருஷம்தான்.

இப்போது உன் விஷயம். லேப்டாப்பில் நீ விட்டுப்போன ப்ராஜெக்டில் கிட் லாக் அடித்து, ஒவ்வொரு கமிட்டுக்கும் நீ எழுதின காரணத்தைப் பார்த்தேன். ‘ஃபிக்ஸ்’. ‘ஃபிக்ஸ் 2’. ‘கடைசி ஃபிக்ஸ்’. அதற்கு அப்புறமும் இரண்டு ஃபிக்ஸ். என்னடா இது? எந்த வரி மாறியது என்று டிஃப் காட்டிவிடும். ஏன் மாற்றினாய் என்று உன்னைத் தவிர யார் எழுதுவார்கள்? நான் எழுதுவதைப் பார்: ‘மழை இலைக்கு எடை கழிப்பதை மொத்தத்தில் கழித்தது தப்பு, இனி ஒவ்வொரு சீட்டிலும் கழிக்கும்.’

விவசாயிகள் போனிலேயே எடையைப் பதிகிற பக்கத்தைத் தரும் சர்வருக்கு வந்தால், பைத்தானில் வெப் பக்கம் செய்ய உதவும் ஃப்ளாஸ்க் ஓடுகிறது. லேப்டாப்பில் பக்கம் வந்தது, என் போனில் வரவில்லை. இரண்டும் ஒரே வைஃபை. அரை நாள் போராடினேன். சர்வர் கேட்டுக்கொண்டிருந்த முகவரி 127.0.0.1. அப்படியென்றால் அந்த மெஷின் தன்னோடு தானே பேசிக்கொள்வது, வெளியிலிருந்து யார் தட்டினாலும் கேட்காது. அந்த முகவரியை, அதாவது ஹோஸ்ட்டை, 0.0.0.0 என்று போட்டு, போனில் வைஃபையில் லேப்டாப்புக்கு இருக்கும் எண்ணோடு 5000 என்ற போர்ட்டையும் அடித்தபிறகு திறந்தது.

எதிர் வீட்டு அண்ணன்தான் முதலில் பதிந்தார், 38 கிலோ. அவர் சந்தோஷத்தில் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்ய, போன் ஏதோ கேட்க, இவர் ஓகே அமுக்க, இன்னொரு 38 கிலோ ஏறிவிட்டது. போஸ்ட்டில், அதாவது போன் அனுப்புகிற பதிவில், வந்ததைச் சேமித்த கையோடு நான் பக்கத்தையும் காட்டிவிட்டேன். ரெஃப்ரெஷ் செய்தால் அதே போஸ்ட் மறுபடி போகிறது. இப்போது சேமித்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பி ரீடைரக்ட் செய்கிறேன். அதற்கப்புறம் எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் வெறும் பார்வைதான். தவறி ஏறிய வரியை டேட்டாபேஸிலிருந்து நான் அழிக்கவில்லை. மைனஸ் 38 என்று ஒரு வரி போட்டு, ‘இரட்டைப் பதிவு’ என்று காரணம் எழுதினேன். அண்ணனுக்குத்தான் ஒரே வருத்தம், கணக்கு சரியாகத்தானே இருந்தது என்கிறார்.

"வேண்டாத கமிட்டையெல்லாம் ரீபேஸ் செய்து ஹிஸ்டரியைச் சுத்தம் பண்ணிடலாம்மா" என்றாயே, பழைய கமிட்டைத் திருத்தி எழுதுகிற அந்த வேலை வேண்டாம், கிடக்கட்டும் என்று அன்றைக்குப் பெரிதாகப் பேசினேன். அதற்கு இப்போது மாட்டிக்கொண்டேன். பதிவுப் பக்கத்துக்குள் நுழைகிற பாஸ்வேர்டை கோடிலேயே எழுதி, கமிட் செய்து, கிட் ப்ராஜெக்டுகளை வைக்கிற இணையதளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டில் அந்த வரியை எடுத்தேன். ஆனால் முந்தின கமிட்டைத் திறந்தால் அப்படியே இருக்கிறது, என் பேரோடும் தேதியோடும். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்தாலும் அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் என்ன செய்ய முடியும்? அதனால் பாஸ்வேர்டையே மாற்றிவிட்டேன். பழசு என்னவென்று நீ போய்ப் பார்க்காதே. வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பேரும் நீ பிறந்த வருஷமும்தான்.

புதுசை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே என்று இதில் எழுத மாட்டேன்.

அன்புடன்,
அம்மா